வெளிநாட்டு வீடு: பத்திரம் சொல்லாத சங்கதிகள்

ஸ்பெயினில் விற்பனையாகும் வீடுகளில் ஏறத்தாழ ஏழில் ஒன்று வெளிநாட்டவர் கைக்குப் போகிறது. மத்தியதரைக் கடலோரத்து அலிகாந்தே மாகாணத்தில் பத்துக்கு நான்குக்கும் மேல். வாங்குவோரில் பல ஆண்டுகளாக முதலிடம் பிரிட்டிஷாருக்கு. மழையும் குளிரும் அலுத்துப்போன ஓய்வூதியக்காரர்கள், சொந்த ஊர் வீட்டை விற்றோ அதன்மேல் கடன் வாங்கியோ, வெயில் அடிக்கும் ஊரில் தோட்டமும் நீச்சல் குளமுமாக ஒரு வீடு வாங்குவது அரை நூற்றாண்டுக்கும் மேலான வழக்கம். 2000-களின் முதல் பாதியில் அது ஒரு வெறியாகவே மாறியது. விமானத்தில் அழைத்து வந்து, ஹோட்டலில் தங்கவைத்து, இரண்டு மூன்று நாளில் வீடுகளைக் காட்டி, ஊர் திரும்புவதற்குள் அட்வான்ஸ் வாங்கிவிடும் தரகர்கள் கடற்கரை முழுவதும் இருந்தார்கள். 2008-ல் கட்டுமானச் சந்தை சரிந்தது. அதுவரை விலையேற்றம் மூடி வைத்திருந்த சட்டச் சிக்கல்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

இத்தனைக்கும் ஸ்பெயின் சட்டம் இல்லாத நாடல்ல. அதன் நிலப் பதிவேட்டு முறை 1861-ம் ஆண்டுச் சட்டத்தில் தொடங்குகிறது. பத்திரம் எழுதுபவர் அரசுத் தேர்வு எழுதி வந்த அதிகாரி. வங்கிகளுக்கு மேல் மத்திய வங்கியும், அதற்கு மேல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நுகர்வோர் பாதுகாப்பு விதிகளும் இருக்கின்றன. அப்படியும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மாட்டிக்கொண்டன. மோசடிக்காரர்கள்தான் காரணம் என்பது பாதி உண்மை. மற்ற பாதி, இந்த ஏற்பாட்டில் கையெழுத்துப் போடும் ஒவ்வொருவரும் ஒரு சிறு பகுதிக்கு மட்டுமே பொறுப்பேற்கிறார் என்பது வாங்கியவர்களுக்குத் தெரியாமல் போனது. அடுத்தவர் பார்த்திருப்பார் என்று நினைத்த இடத்தில் யாருமே பார்த்திருக்கவில்லை.

யார் எதைப் பார்க்கிறார்கள்

வீடு பிடித்ததும் முதலில் ஒரு முன்பண ஒப்பந்தம். வழக்கமாக விலையில் 10%. பிறகு நோட்டாரியோ என்ற அதிகாரியின் முன்னிலையில் கிரயப் பத்திரம். அதன்பின் நிலப் பதிவேட்டில் பெயர் மாற்றம்.

இந்த நோட்டாரியோவை நம்மூர் நோட்டரி வக்கீலோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அதிகாரத்தில் அவர் மிகப் பெரியவர். வந்திருப்பவர்கள் உண்மையான ஆட்கள்தானா, விற்பவருக்கு விற்கும் உரிமை இருக்கிறதா, அன்றைய தேதியில் பதிவேட்டில் அந்தச் சொத்தின்மேல் என்ன அடமானம் நிற்கிறது என்பதையெல்லாம் பார்ப்பார். பத்திரத்தை வாசித்துக் காட்டுவார். ஆனால் அவர் வாங்குபவரின் வக்கீல் அல்ல, விற்பவரின் வக்கீலும் அல்ல. வீடு நிற்கும் இடத்தில் வீடு கட்ட அனுமதி உண்டா, கட்டிடம் வரைபடத்தின்படி இருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்ப்பது அவர் வேலையில் சேராது.

நிலப் பதிவேட்டிலிருந்து 'நோட்டா சிம்ப்ளே' என்ற சுருக்க நகலைச் சில யூரோ கட்டணத்தில் யாரும் வாங்கலாம். உரிமையாளர் யார், அடமானம் உண்டா, நீதிமன்ற ஜப்தி உண்டா என்ற விவரங்கள் அதில் இருக்கும். நம்மூர் வில்லங்கச் சான்றுக்கு நெருங்கிய உறவு. அது சொல்லாதது, பதிவேட்டில் எழுதியிருப்பதும் தரையில் நிற்பதும் ஒன்றுதானா என்பது. நிலம் பதிவாகியிருக்கும், அதில் கட்டிய வீடு பதிவாகியிருக்காது. வீடு பதிவாகியிருக்கும், பின்னால் கட்டிய மாடியும் நீச்சல் குளமும் இருக்காது. வரி வசூலுக்காக வைத்திருக்கும் 'காதாஸ்ட்ரோ' என்ற இன்னொரு பதிவேடு வேறு இருக்கிறது; இரண்டும் பல நேரம் ஒத்துப்போவதில்லை. பத்திரத்தில் ஓர் அளவும் பட்டாவில் ஓர் அளவும் இருப்பதைப் பார்த்துப் பழகிய தமிழ்நாட்டு வாசகருக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இருக்காது. நிலத்துக்கு ஒரே பதிவேட்டைப் பார்த்துப் பழகிய ஆங்கிலேயருக்கு இருந்தது.

தரகருக்கு நாடு முழுவதற்குமான கட்டாய உரிமம் எதுவும் கிடையாது. வக்கீல் வைத்துக்கொள்வதும் கட்டாயமில்லை. அதனால் பலர் வக்கீல் செலவை மிச்சம் பிடித்தார்கள். இன்னும் பலர் தரகரோ கட்டுமான நிறுவனமோ கைகாட்டிய வக்கீலை வைத்துக்கொண்டு, மொழி தெரியாத காரணத்தால் அவருக்கே பவர் பத்திரமும் எழுதிக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினார்கள். அந்த வக்கீலுக்கு மாதாமாதம் வேலை கொடுப்பது யார் என்று கேட்கத் தோன்றவில்லை.

அனுமதி இருந்தும் இடிந்த வீடு

அல்மேரியா மாகாணத்தில் வேரா என்று ஒரு சிற்றூர். அங்கே ஓய்வுபெற்ற பிரிட்டிஷ் தம்பதி ஒன்று குடியிருந்த வீட்டை 2008 ஜனவரியில் அதிகாரிகள் புல்டோசர் வைத்து இடித்தார்கள். கட்டுவதற்கு நகராட்சி கொடுத்த அனுமதி அவர்களிடம் இருந்தது. போலி அல்ல, அசல் அனுமதி. ஆனால் அது கட்டிடம் கட்டக் கூடாத கிராமப்புற நிலம் என்றும், நகராட்சி கொடுத்த அனுமதியே செல்லாது என்றும் ஆண்டலூசியா மாநில அரசு நீதிமன்றம் போயிருந்தது. வழக்கு மாநில அரசுக்கும் நகராட்சிக்கும் இடையில். வீட்டில் குடியிருந்தவர்களை அதில் யாரும் முறையாகக் கேட்கவில்லை. அவர்கள் உரிமை மீறப்பட்டது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் பிறகு சொன்னது. வீடு அதற்குள் செங்கல் குவியலாகிவிட்டது. இடிபடாமல் மிஞ்சிய கார் ஷெட்டில் தம்பதி ஆண்டுக்கணக்கில் குடியிருந்தார்கள்.

'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று சொல்லி விற்ற மனைகளைப் பத்திரம் பதிய 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தபோது தமிழ்நாட்டில் மனை வாங்கியவர்கள் பட்ட பாடும் ஏறக்குறைய இதே வகை. கீழ்மட்ட அமைப்பு கொடுத்த காகிதத்தை மேல்மட்ட அமைப்பு ஏற்கவில்லை. நடுவில் நிற்பவர் பணம் கொடுத்தவர்.

வேரா தனிக் கதையல்ல. ஆண்டலூசியாவில் முறைப்படி அனுமதியில்லாத வீடுகள் சுமார் 3 லட்சம் என்று மாநில அரசே பின்னாளில் மதிப்பிட்டது. இவ்வளவையும் இடிக்க முடியாது. அதனால் 2012-லும் 2019-லும் வந்த ஆணைகள் ஒரு நடுவழியைத் திறந்தன. நடவடிக்கை எடுக்கும் காலக்கெடு கடந்துபோன வீடுகளுக்கு ஒரு சகிப்புச் சான்று கொடுக்கப்படும். வீடு நிற்கலாம், மின்சாரமும் தண்ணீரும் வாங்கலாம். பெரிதாக்க முடியாது, இடிந்தால் திரும்பக் கட்ட முடியாது. இப்படிப்பட்ட வீட்டின்மேல் கடன் கொடுக்க வங்கிகள் தயங்கும் என்பதால் விற்பதும் கடினம். 2015-ல் நாடாளுமன்றம் இன்னொரு திருத்தம் செய்தது. நல்லெண்ணத்தோடு வாங்கிய மூன்றாம் நபரின் வீட்டை இடிக்க உத்தரவிடும் நீதிபதி, அவருக்கான இழப்பீட்டுக்கு உத்தரவாதம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வேரா தம்பதிக்கு அது ஏழு ஆண்டு தாமதம்.

வடக்கே வலென்சியா மாநிலத்தில் சிக்கல் வேறு திசையிலிருந்து வந்தது. அங்கே வீடு முழுக்கச் சட்டப்படியே இருந்தது. 1994-ல் இயற்றிய நகர வளர்ச்சிச் சட்டம், ஒரு தனியார் நிறுவனம் ஒரு பகுதியை மேம்படுத்தத் திட்டம் கொடுத்து நகராட்சி அதை ஏற்றுக்கொண்டால், அந்தப் பகுதி நில உரிமையாளர்கள் எல்லோரும் அதில் சேர்ந்தே ஆக வேண்டும் என்றது. சாலைக்கும் சாக்கடைக்கும் தெருவிளக்குக்கும் ஆகும் செலவை அவர்கள் ஏற்க வேண்டும், நிலத்தில் ஒரு பகுதியையும் விட்டுக்கொடுக்க வேண்டும். ஆரஞ்சுத் தோப்புக்கு நடுவே அமைதியாக இருக்கட்டும் என்று பெரிய தோட்டத்தோடு வீடு வாங்கியவருக்கு, புரியாத மொழியில் ஒரு கடிதம் வந்தது: தோட்டத்தில் இவ்வளவு போகிறது, அதோடு இவ்வளவு யூரோ கட்ட வேண்டும். ஆயிரக்கணக்கானோர் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு மனுப் போட்டார்கள். டென்மார்க் உறுப்பினர் மார்கிரேத்த ஆவுக்கன் தயாரித்த அறிக்கையை ஏற்று 2009 மார்ச்சில் நாடாளுமன்றம் ஸ்பெயினைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. சட்டம் இடையிலேயே மாற்றப்பட்டுவிட்டாலும், நகராட்சியின் வளர்ச்சித் திட்ட வரைபடத்தைப் பார்க்காமல் வாங்கக் கூடாது என்ற பாடம் மாறவில்லை. வாங்கும் நிலம் இன்று என்ன என்பதோடு, பத்து ஆண்டில் அதை என்னவாக்கத் தீர்மானித்திருக்கிறார்கள் என்பதும் அந்த வரைபடத்தில்தான் இருக்கிறது.

கடலுக்கு மிக அருகில் வீடு தேடுவோருக்குத் தனியாக ஒரு சட்டம் காத்திருக்கிறது. 1988-ம் ஆண்டுக் கடற்கரைச் சட்டம் கரையைப் பொதுச் சொத்தாக வரையறுத்தது. எல்லைக்கோட்டுக்கு உள்ளே ஏற்கெனவே இருந்த வீடுகளின் உரிமை, குறிப்பிட்ட காலம் அனுபவிக்கும் சலுகையாகச் சுருங்கியது. 2013-ல் அந்தக் காலத்தை 75 ஆண்டு வரை நீட்டித்தார்கள். எல்லைக்கு வெளியேயும் நகர்ப்பகுதியில் 20 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் வரை கட்டுப்பாடு உண்டு. கடல் பார்த்த ஜன்னலுக்குக் கூடுதல் விலை கொடுப்பவர், தான் வாங்குவது உரிமையா அனுபோகமா என்று கேட்டுவிடுவது நல்லது.

கட்டாத வீட்டுக்குக் கொடுத்த பணம்

அதிகம் பேர் பணம் இழந்தது கட்டி முடியாத வீடுகளில். அஸ்திவாரம் போடுவதற்கு முன்பே விலையில் மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் பாதி வரை தவணைகளில் கட்டினார்கள். 2008 ஜூலையில் மார்ட்டின்சா-ஃபதேசா என்ற பெரும் கட்டுமான நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரியது. சிறிய நிறுவனங்கள் வரிசையாகப் பின்தொடர்ந்தன. பாதி எழும்பிய கான்கிரீட் தூண்களோடு குடியிருப்புகள் அப்படியே நின்றன.

வேடிக்கை என்னவென்றால், இதற்கான பாதுகாப்பு சர்வாதிகாரி பிராங்கோ காலத்திலேயே சட்டத்தில் இருந்தது. 1968-ம் ஆண்டின் 57-ம் எண் சட்டப்படி, வீடு வாங்குபவர் கொடுக்கும் முன்பணத்தைக் கட்டுமான நிறுவனம் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். வீடு கொடுக்காவிட்டால் பணமும் வட்டியும் திரும்பும் என்று வங்கி உத்தரவாதமோ காப்பீடோ கொடுக்க வேண்டும். பல நிறுவனங்கள் கொடுக்கவில்லை, வாங்கியவர்களும் கேட்கவில்லை. நிறுவனம் திவாலானபின் யாரிடம் போவது? ஸ்பெயின் உச்ச நீதிமன்றம் 2015 டிசம்பர் 21-ல் கொடுத்த தீர்ப்பு இதற்குப் பதில் சொன்னது. முன்பணம் வந்து விழுவதைத் தெரிந்தோ, தெரிந்திருக்க வேண்டிய நிலையிலோ ஏற்றுக்கொண்ட வங்கி, தனிக் கணக்கையும் உத்தரவாதத்தையும் கேட்டிருக்க வேண்டும். கேட்காத குற்றத்துக்கு அந்த வங்கியே பணத்தைத் திருப்பித் தர வேண்டும். பழைய வங்கி ரசீதைப் பத்திரமாக வைத்திருந்தவர்களுக்குப் பணம் கிடைத்தது. ரொக்கமாகவோ தரகர் கணக்கிலோ கொடுத்தவர்களுக்கு வழக்கை நிரூபிப்பதே பெரும்பாடு.

2016 முதல் அந்தப் பழைய சட்டம் இல்லை. கட்டிடச் சட்டத்தில் சேர்த்த புதிய விதி அதன் இடத்துக்கு வந்தது. முக்கிய வேறுபாடு, உத்தரவாதக் கடமை கட்டிட அனுமதி கிடைத்த பிறகே தொடங்குகிறது. அனுமதி வருமுன் 'புக்கிங்' என்ற பெயரில் கொடுக்கும் பணம் அந்தப் பாதுகாப்புக்கு வெளியே நிற்கிறது.

கட்டி முடித்த வீட்டுக்கும் முன்பண ஒப்பந்தத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. சிவில் சட்டத்தின் 1454-ம் பிரிவின் கீழ் எழுதிய ஒப்பந்தமானால், வாங்குபவர் பின்வாங்கினால் முன்பணம் போகும். விற்பவர் பின்வாங்கினால் இரண்டு மடங்கு திருப்பித் தர வேண்டும். வங்கிக் கடன் கிடைக்காமல் போவதும் சட்டத்தின் பார்வையில் வாங்குபவர் பின்வாங்கியதுதான். 'கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்பும்' என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இல்லாவிட்டால், 2 லட்சம் யூரோ வீட்டுக்கு 20,000 யூரோ போய்விடும்.

வீட்டோடு சேர்ந்து வரும் பாக்கிகளும் இருக்கின்றன. அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்துக்கு முந்தைய உரிமையாளர் வைத்த பாக்கியில், நடப்பு ஆண்டும் அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளும் வீட்டைத் தொடர்ந்து வரும். கட்டாத சொத்து வரியும் அப்படியே. விற்பவர் ஸ்பெயினில் வசிக்காதவரானால், விலையில் 3% பிடித்து ஒரு மாதத்துக்குள் வரித் துறைக்கு வாங்குபவரே கட்ட வேண்டும். கட்டாவிட்டால் வரித் துறை விற்றவரைத் தேடிக்கொண்டு போகாது, வீட்டைத்தான் பிடிக்கும்.

பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டி மீதியைக் கையில் வாங்கும் பழக்கம் நமக்கும் புதிதல்ல. ஸ்பெயினில் அது வெகுகாலம் சர்வசாதாரணம். 2022 முதல் காதாஸ்ட்ரோ நிர்ணயிக்கும் ஒரு குறிப்பு மதிப்புக்குக் குறையாத தொகையின்மேல்தான் பத்திர வரி. நம்மூர் வழிகாட்டி மதிப்பு மாதிரி. குறைத்துக் காட்டி வாங்கியவர் இன்று முழு விலைக்கு விற்கப் போனால், கையில் கொடுத்த பணமும் லாபக் கணக்கில் ஏறி, இல்லாத லாபத்துக்கு வரி கட்டுகிறார். சொல்லப்போனால் இது அவரே தோண்டிக்கொண்ட பள்ளம்.

கடன் என்னும் இரண்டாவது பத்திரம்

ஸ்பெயினில் வசிக்காதவருக்கு வங்கிகள் பொதுவாக 60 முதல் 70% வரைதான் கடன் கொடுக்கும். பத்திர வரி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஆண்டலூசியாவில் 7%, வலென்சியாவில் நெடுங்காலம் 10%. நோட்டாரியோ, பதிவு, வக்கீல் செலவுகளையும் சேர்த்தால், விலையில் ஏறக்குறைய பாதியைக் கையில் வைத்திருப்பவர்தான் நிம்மதியாக வாங்க முடியும்.

கடனுக்கு முன் வங்கி ஒரு மதிப்பீட்டாளரை அனுப்பும். அவர் வந்து பார்த்துவிட்டார் என்பதாலேயே வீடு உறுதியானது என்று பலர் முடிவுகட்டிக்கொள்கிறார்கள். அவர் பார்ப்பது கடனுக்கு ஈடாக வைத்தால் வீடு எவ்வளவு பெறும் என்பதை. சுவரில் விரிசல், கூரையில் ஒழுக்கு, அஸ்திவாரத்தில் சரிவு ஆகியவற்றைப் பார்க்கத் தனியாகப் பொறியாளரை வாங்குபவர்தான் அழைக்க வேண்டும்.

வட்டியில் ஒளிந்திருந்த பொறி இன்னும் பெரியது. ஸ்பெயினின் மாறும் வட்டிக் கடன்கள் யூரிபோர் என்ற குறியீட்டோடு பிணைந்தவை: யூரிபோரும் அதற்கு மேல் ஒரு சதவீதமும் என்பது போல. 2008-க்குப் பின் யூரிபோர் சரசரவென்று இறங்கி, 2016-ல் பூஜ்யத்துக்கும் கீழே போனது. ஆனால் லட்சக்கணக்கான கடன்காரர்களின் தவணை இறங்கவில்லை. பல பக்க ஒப்பந்தத்தின் நடுவே, வட்டி எவ்வளவு இறங்கினாலும் 3 அல்லது 4 சதவீதத்துக்குக் கீழே போகாது என்று ஒரு வரி இருந்தது. தெளிவாகப் புரியவைக்காமல் சேர்த்த இந்தத் தரைவட்டி செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2013 மே 9-ல் சொன்னது. ஆனால் அந்தத் தேதிக்கு முன் வசூலித்ததைத் திருப்ப வேண்டாம் என்றும் சொல்லிவிட்டது. 2016 டிசம்பர் 21-ல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் அந்த வரம்பை ஏற்க மறுத்து, முழுவதையும் திருப்பித் தர வழி திறந்தது.

இந்த அனுபவத்துக்குப் பின் வந்த 2019-ம் ஆண்டுக் கடன் சட்டம் நிஜமாகவே நல்ல சட்டம். கையெழுத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்பே எல்லா நிபந்தனைகளும் எழுத்தில் வர வேண்டும். அதன்பின் கடன் வாங்குபவர் வங்கி ஆள் இல்லாமல் தனியாக நோட்டாரியோவைப் பார்க்க வேண்டும். ஒப்பந்தம் புரிந்திருக்கிறதா என்று அவர் கேள்வி கேட்டுச் சோதிப்பார். இந்தச் சந்திப்புக்குக் கட்டணம் கிடையாது. வங்கியோடு உட்கார்ந்து கேட்கக் கூச்சப்படும் கேள்விகளைக் கேட்க இதைவிட நல்ல இடமில்லை. பவர் பத்திரம் கொடுத்தவர்கள் இந்த வாய்ப்பை இழக்கிறார்கள்.

சட்டம் மாற்றாத ஒன்று உண்டு. கடன் கட்ட முடியாவிட்டால் சாவியை வங்கியிடம் கொடுத்துவிட்டுப் போய்விடலாம் என்பது அமெரிக்காவில் கலிபோர்னியா போன்ற சில மாநிலங்களில், அதுவும் சில வகைக் கடன்களுக்கு மட்டும் நடக்கும். ஸ்பெயின் சிவில் சட்டத்தின் 1911-ம் பிரிவு, கடன்பட்டவர் இன்று வைத்திருப்பது, நாளை சம்பாதிப்பது எல்லாவற்றையும் கடனுக்குப் பொறுப்பாக்குகிறது. வீட்டை ஏலம் விட்டும் அடையாத மிச்சக் கடன் ஆளைத் தொடரும். 2008-க்குப் பின் வீட்டை இழந்த பலர் இல்லாத வீட்டுக்கு இன்னும் கடன்காரர்களாக இருந்தார்கள்.

சைப்ரஸில் ஏறிய பிராங்க்

கடன் எந்த நாணயத்தில் என்பது தனி விஷயம். அதன் மோசமான முகத்தைப் பார்க்க சைப்ரஸுக்குப் போக வேண்டும். 2006, 2007-ல் அங்கே வீடு வாங்கிய பிரிட்டிஷார் பலருக்கு சுவிஸ் பிராங்கில் கடன் கொடுத்தார்கள். காரணம் எளிமையானது: பிராங்கில் வட்டி குறைவு. வருமானம் பவுண்டில், வீடு சைப்ரஸில், கடன் சுவிட்சர்லாந்து நாணயத்தில்.

2007-ல் ஒரு பவுண்டு ஏறக்குறைய 2.4 பிராங்க். 2,40,000 பிராங்க் கடன் வாங்கியவர் மனதில் அது 1 லட்சம் பவுண்டு. 2011-ல் பவுண்டு 1.5 பிராங்குக்கும் கீழே விழுந்தது. 1.45 என்று வைத்துக்கொண்டால் அதே கடன் 1,65,000 பவுண்டுக்கு மேல். ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டியவருக்கும் அசல் மூன்றில் இரண்டு பங்கு ஏறியிருந்தது. வீட்டு விலையோ இறங்கியிருந்தது. 2015 ஜனவரி 15-ல் சுவிஸ் மத்திய வங்கி யூரோவுக்கு எதிரான 1.20 என்ற வரம்பைக் கைவிட்டபோது பிராங்க் ஒரே நாளில் இன்னொரு தாவு தாவியது. ஹங்கேரியிலும் போலந்திலும் உள்ளூர் மக்களே இதே கடனில் லட்சக்கணக்கில் சிக்கியிருந்தார்கள். அயல் நாணயக் கடனை மாற்றிக்கொள்ளும் உரிமையோ நாணய அபாயத்துக்கு ஒரு வரம்போ இருக்க வேண்டும் என்பதும், மாற்று விகிதம் 20 சதவீதத்துக்கு மேல் நகர்ந்தால் வங்கி எச்சரிக்க வேண்டும் என்பதும் 2014-ல் ஐரோப்பிய ஒன்றியம் போட்ட விதி. வருமானம் எந்த நாணயத்தில் வருகிறதோ கடனும் அதில் இருந்தால் இந்த விதியே தேவைப்படாது.

சைப்ரஸில் இன்னொரு வழக்கமும் இருந்தது. கட்டுமான நிறுவனம் முழு நிலத்தையும் வங்கியில் அடமானம் வைத்துக் கடன் வாங்கும். அந்த நிலத்தில் கட்டிய வீடுகளை ஒவ்வொன்றாக விற்கும். வீட்டுக்குத் தனிப் பத்திரம் வர ஆண்டுக்கணக்கில் ஆகும். வாங்கியவர் முழுப் பணமும் கட்டிவிட்டுக் குடியிருப்பார். பதிவேட்டில் வங்கியின் அடமானம் அவருக்கு முன்னால் நிற்கும். 2013-ல் ஐரோப்பிய நாடுகளும் பன்னாட்டு நிதியமும் சைப்ரஸுக்குக் கடன் கொடுத்தபோது, இந்தப் பத்திரத் தேக்கத்தைத் தீர்ப்பதை ஒரு நிபந்தனையாகவே வைத்தன. 2015-ல், சிக்கியவர்களை விடுவிக்க ஒரு தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. பிரிட்டிஷ் சட்டத்தை ஒட்டிய நாடு, எல்லோரும் ஆங்கிலம் பேசுகிறார்கள் என்ற தைரியத்தில் வாங்கியவர்கள்தான் பெரும்பாலோர்.

அதே தீவின் வடபகுதியில் சிக்கல் அடமானத்தைத் தாண்டியது. 1974-ல் துருக்கிப் படை வந்தபின் அங்கிருந்து வெளியேறிய கிரேக்க சைப்ரஸ்காரர்களின் நிலங்கள் கைமாறி, மலிவு விலைக்கு வெளிநாட்டவரிடம் வந்தன. லாப்பிதோஸில் அப்படிப்பட்ட நிலத்தில் வீடு கட்டிய ஒரு பிரிட்டிஷ் தம்பதியின்மேல் அசல் உரிமையாளர் தென்பகுதி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு வென்றார். வடக்கில் அந்தத் தீர்ப்பை நிறைவேற்ற முடியாது. ஆனால் 2009 ஏப்ரல் 28-ல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், அந்தத் தீர்ப்பை மற்ற உறுப்பு நாடுகள் ஏற்க வேண்டும் என்றது. 2010-ல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஏற்றது. தம்பதியின் இங்கிலாந்து வீடே ஆபத்துக்கு வந்தது.

வாங்கிய பிறகு

வீடு இருந்தால் அந்த நாட்டில் வசிக்கலாம் என்பது பரவலான தப்பெண்ணம். ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமை இல்லாதவர் ஸ்பெயினில் 180 நாளில் 90 நாள்தான் விசா இல்லாமலோ சுற்றுலா விசாவிலோ இருக்கலாம், சொந்த வீடானாலும். 5 லட்சம் யூரோவுக்கு வீடு வாங்கினால் வசிப்புரிமை தரும் 2013-ம் ஆண்டு ஏற்பாட்டை 2025 ஏப்ரல் 3-ல் நிறுத்திவிட்டார்கள். வீட்டைப் பூட்டியே வைத்திருந்தாலும், வெளிநாட்டில் வசிக்கும் உரிமையாளருக்கு ஒரு கற்பித வருமானம் வந்ததாகக் கணக்கிட்டு ஆண்டுதோறும் வரி விதிக்கிறார்கள்.

வாரிசுரிமை இன்னொரு சிக்கல். ஸ்பெயின் பொதுச் சட்டப்படி, இறந்தவரின் சொத்தில் மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்குக் கட்டாயம். மனைவிக்கே முழுவதும் என்று எழுதி வைக்க முடியாது. ஆனால் 2015 ஆகஸ்ட் 17 முதல் நடப்பில் உள்ள ஐரோப்பிய வாரிசு விதி, தன் குடியுரிமை நாட்டின் சட்டமே பொருந்த வேண்டும் என்று உயிலில் எழுத அனுமதிக்கிறது. ஒரே ஒரு வாக்கியம் போதும். அதை எழுதாமல் இறந்துபோகிறவர்கள்தான் அதிகம்.

இந்தியாவில் வசிப்பவர் வெளிநாட்டில் வீடு வாங்குவதானால், அங்குள்ள சட்டத்துக்கு முன் இங்குள்ள சட்டம் குறுக்கே நிற்கும். ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தில் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். குடும்பத்தார் சேர்ந்து அனுப்பலாம். ஆனால் பணம் அனுப்புபவர் சொத்தில் பங்குதாரராகவும் இருக்க வேண்டும். இப்படி மூலதனமாக அனுப்பும் பணத்துக்கு இந்திய வங்கி கடன் கொடுக்கக் கூடாது என்பது விதி. ஆண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பும் தொகையில் 20% முன்வரியாக வங்கி பிடிக்கும். வருமான வரிக் கணக்கில் அதைச் சரிசெய்துகொள்ளலாம் என்றாலும், அதுவரை அந்தப் பணம் கையில் இல்லை. தவணைத் திட்டத்தில் கட்டுபவர் முதல் ஆண்டிலேயே இதைக் கணக்குப் போட வேண்டும்.

வாங்கியபின் இந்தியாவில் வழக்கமாக வசிக்கும் ஒவ்வொருவரும் அந்த வீட்டை வருமான வரிப் படிவத்தின் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் ஆண்டுதோறும் காட்ட வேண்டும். வாடகை வந்தாலும் வராவிட்டாலும் காட்ட வேண்டும். காட்டத் தவறினால் 2015-ம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டத்தின் கீழ் 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்படலாம். 2024-ல் 20 லட்சம் ரூபாய்க்குட்பட்ட வெளிநாட்டுச் சொத்துகளுக்கு இந்த அபராதத்திலிருந்து விலக்கு கொடுத்தார்கள். வீடு, நிலம் அந்த விலக்கில் சேராது.